செங்கல் தூள் செய்யும் வேலை

பீட் சாம்ப்ராஸ் என்ற அமெரிக்க டென்னிஸ் வீரரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டென்னிஸ் உலகில் ஆண்டுதோறும் நடக்கும் நான்கு பெரிய போட்டிகளுக்குக் 'கிராண்ட் ஸ்லாம்' போட்டிகள் என்று பெயர். ஆஸ்திரேலியா, பிரான்சு, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளில் அவை நடக்கின்றன. 1990 முதல் 2002 வரை சாம்ப்ராஸ் இவற்றில் மொத்தம் 14 பட்டங்களை வென்றார். அவற்றுள் 7 லண்டனில் விம்பிள்டன் புல்தரையில் கிடைத்தவை. ஆனால் பாரீஸ் நகரில் நடக்கும் பிரெஞ்சுப் போட்டியில் அவர் ஒரு முறைகூட இறுதி ஆட்டத்தை எட்டவில்லை. 1996-இல் அரையிறுதி வரை வந்ததுதான் அங்கு அவர் கண்ட உச்சம்.

ஸ்பெயின் நாட்டின் ரஃபேல் நடால் 2005-க்கும் 2022-க்கும் இடையில் அதே பாரீஸ் போட்டியில் மட்டும் 14 பட்டங்களை வென்றார். அங்கு அவர் ஆடிய 116 ஆட்டங்களில் தோற்றவை நான்கே நான்கு. ஒரு மாபெரும் வீரர் தம் வாழ்நாளில் உலகம் முழுவதும் சேர்த்த பட்டங்களின் எண்ணிக்கையை, இன்னொருவர் ஒரே ஊரில் சேர்த்துவிட்டார்!

பாரீஸ் ஆடுகளம் விம்பிள்டனைவிடப் பெரியதா? இல்லை. இரண்டின் நீளமும் 23.77 மீட்டர்தான். வலையின் உயரம், ஆட்ட விதிகள் எல்லாம் ஒன்றே. பெரிதும் வேறுபடுவது தரைதான். அந்தத் தரையின் மேற்பரப்பில் தூவப்பட்டுள்ள ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள தூள்தான் இத்தனை வேலையும் செய்கிறது.

விமானியின் பெயரில் ஓர் அரங்கு

போட்டி நடக்கும் அரங்கின் பெயர் ரோலான் காரோஸ். இவர் டென்னிஸ் வீரர் அல்லர், பிரெஞ்சு விமானி. 1913 செப்டம்பர் 23-ஆம் நாள் தென் பிரான்சிலிருந்து புறப்பட்டு, எங்கும் இறங்காமல் மத்திய தரைக்கடலைத் தாண்டி, ஆப்பிரிக்காவின் துனீசியாவில் இறங்கிய முதல் மனிதர் இவர். முதல் உலகப் போரில் 1918 அக்டோபர் 5-ஆம் நாள் விமானச் சண்டையில் மாண்டார். மறுநாள் அவருக்கு 30 வயது நிறைந்திருக்கும்.

1927-இல் பிரான்சின் நான்கு வீரர்கள் அமெரிக்காவைத் தோற்கடித்து டேவிஸ் கோப்பையைக் கொண்டு வந்தார்கள். மறு ஆண்டு சொந்த மண்ணில் அதைக் காக்க ஒரு நல்ல அரங்கு தேவைப்பட்டது. 1928-இல் கட்டிய அந்த அரங்குக்கு விமானியின் பெயரை வைத்தார்கள். பிரெஞ்சுப் போட்டி 1891-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் 1925 வரை பிரெஞ்சுச் சங்கங்களின் உறுப்பினர்களே அதில் ஆட முடிந்தது. 1968-இல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் கதவு திறந்தது. நான்கு பெரிய போட்டிகளில் முதலில் அப்படித் திறந்தது பாரீஸ்தான்.

நமக்கும் இந்த அரங்கில் ஒரு நினைவு உண்டு. சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி, ஜப்பானிய வீராங்கனை ரிக்கா ஹிராக்கியுடன் சேர்ந்து 1997-இல் கலப்பு இரட்டையர் பட்டத்தை இங்கேதான் வென்றார். கிராண்ட் ஸ்லாம் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே.

களிமண்ணும் அல்ல, செம்மண்ணும் அல்ல

பத்திரிகைகள் இதைச் சில நேரம் 'களிமண் தரை' என்றும், சில நேரம் 'செம்மண் தரை' என்றும் எழுதுகின்றன. இரண்டும் சரியல்ல. உண்மையில் அது செங்கல் தூள். முன்பு மொட்டை மாடித் தளம் போடச் சுண்ணாம்புடன் நம் கொத்தனார்கள் சேர்த்த 'சுர்க்கி' இருக்கிறதே, ஏறக்குறைய அதுதான்.

பச்சைக் களிமண்ணையே ஏன் போடவில்லை? மழையில் நனைந்த மண்சுவரையும் செங்கல் சுவரையும் நினைத்துப் பாருங்கள். மண்சுவர் கரைகிறது, செங்கல் கரைவதில்லை. களிமண்ணைச் சூளையில் சுடும்போது, அதன் துகள்களில் வேதியியல் முறையில் பிணைந்திருந்த நீர் வெளியேறுகிறது. துகள்கள் ஒன்றோடொன்று இறுகுகின்றன. இது மீளாத மாற்றம். சுட்ட மண்ணை எவ்வளவு நேரம் நீரில் ஊற வைத்தாலும் பழையபடி களியாகாது. எனவே செங்கல் தூளின் மேல் விழும் மழைநீர் சேறாகாமல் கீழே இறங்கிவிடும். சிவப்பு நிறம் களிமண்ணில் இருந்த இரும்பு தந்தது. சூளையில் அது இரும்பு ஆக்ஸைடு ஆகிறது.

தூளுக்கு அடியில்தான் உண்மையான கட்டுமானம் இருக்கிறது. ஆடுகளத்தை வெட்டிப் பார்த்தால், மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் செங்கல் தூள். அதன் கீழ் 6 அல்லது 7 செ.மீ. கனத்துக்கு நொறுக்கிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல். அதற்குக் கீழே ஏறத்தாழ அதே கனத்துக்கு நிலக்கரி எரிந்த கசடு. பிறகு சரளை, அடியில் பெருங்கற்கள். இத்தனை அடுக்கும் நீருக்காகத்தான். மேலே அதிகமாக விழும் நீர் கற்களின் இடுக்கு வழியே வடிய வேண்டும். அதே சமயம் தரை முற்றிலும் உலர்ந்துவிடவும் கூடாது. உலர்ந்தால் தூள் காற்றில் பறந்துவிடும். சுண்ணாம்புக்கல் அடுக்கு நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் தந்துகிக் கவர்ச்சியால் மேலே அனுப்புகிறது. அந்த ஈரந்தான் தூளைத் தரையோடு பிடித்து வைக்கும் பசை. ஆட்டங்களுக்கு இடையில் பணியாளர்கள் தரையின் மேல் வலையை இழுத்துச் சமப்படுத்துவதையும், குழாயால் நீர் தெளிப்பதையும் தொலைக்காட்சியில் கவனியுங்கள். ஆட்டத்தில் பாதி அவர்கள் கையில் இருக்கிறது என்பேன்.

இரண்டு எண்கள்

தரையில் மோதும் பந்துக்கு என்ன நேருகிறது? பந்தின் வேகத்தை இரண்டு கூறுகளாகப் பிரித்துக்கொள்வோம். ஒன்று கிடைமட்டக் கூறு. இதை முன்வேகம் என்போம். மற்றது செங்குத்துக் கூறு. இதை இறங்கு வேகம் என்போம்.

இறங்கு வேகத்தில் எவ்வளவு பங்கு மேல்நோக்கித் திரும்பக் கிடைக்கிறது என்பதைச் சொல்லும் எண் மீட்சிக் குணகம். முன்வேகத்தைத் தரை எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்பதைச் சொல்லும் எண் உராய்வுக் குணகம். ஒரு தரையின் குணத்தைப் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களிலேயே அடக்கிவிடலாம். தோராயமாக, செங்கல் தூள் தரைக்கு மீட்சி 0.85, உராய்வு 0.8 என்றும், புல்தரைக்கு மீட்சி 0.75, உராய்வு 0.6 என்றும் வைத்துக்கொள்வோம்.

பந்து தரையைத் தொட்டிருப்பது ஒரு நொடியில் ஏறத்தாழ 200-இல் ஒரு பங்கு நேரமே. அந்த நேரம் முழுதும் அது வழுக்கிக்கொண்டே போனால், முன்வேகத்தில் ஏற்படும் இழப்பைக் காண எளிய வாய்பாடு உண்டு. உராய்வுக் குணகத்தை, 1 கூட்டல் மீட்சிக் குணகத்தால் பெருக்கி, அதை இறங்கு வேகத்தால் பெருக்கினால் இழப்பு கிடைக்கும்.

ஒரு பந்து நொடிக்கு 30 மீட்டர் முன்வேகத்துடனும், 6 மீட்டர் இறங்கு வேகத்துடனும் வருகிறது என்று கொள்வோம். நோட்டை எடுத்து நீங்களும் போட்டுப் பாருங்கள்.

செங்கல் தூளில் இழப்பு 0.8 × 1.85 × 6, அதாவது 8.9. மிஞ்சும் முன்வேகம் 21.1 மீட்டர். புல்தரையில் இழப்பு 0.6 × 1.75 × 6, அதாவது 6.3. மிஞ்சுவது 23.7 மீட்டர்.

வித்தியாசம் 2.6 மீட்டர்தானே, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பந்து விழுந்த இடத்திலிருந்து 8 மீட்டர் தள்ளி ஆட்டக்காரர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் தடையைத் தள்ளிவிட்டால், புல்தரையில் பந்து அவரை அடைய 0.34 நொடி ஆகிறது; செங்கல் தூளில் 0.38 நொடி. கூடுதலாகக் கிடைத்தது நொடியில் 25-இல் ஒரு பங்கு. நொடிக்கு 6 மீட்டர் ஓடக்கூடிய ஒருவர் அந்த நேரத்தில் 25 செ.மீ. தூரம் கடந்துவிடுவார். டென்னிஸ் மட்டையின் வலைப்பகுதி ஏறத்தாழ அதே அகலந்தான். விம்பிள்டனில் மட்டைக்கு எட்டாமல் தப்பிப் போகும் பந்து, பாரீஸில் மட்டையின் நடுவில் வந்து விழுகிறது.

சாம்ப்ராஸின் ஆயுதம், மின்னல்போல் விழும் முதல் அடியான 'சர்வீஸ்'. எதிராளி திகைக்கும்போது வலையருகே ஓடிச் சென்று ஆட்டத்தை முடித்துவிடுவார். பாரீஸில் எதிராளிக்குத் திகைக்க நேரம் இல்லை. திருப்பி அடிக்க நேரம் இருந்தது. 1984 இறுதி ஆட்டத்தில் ஜான் மெக்கன்ரோவுக்கு நேர்ந்ததையும் இத்துடன் சேர்த்துப் பார்க்கலாம். இவான் லெண்டிலுக்கு எதிராக முதல் இரண்டு செட்டுகளை வென்ற பிறகும், அடுத்த மூன்றையும் பறிகொடுத்தார். அவரும் பாரீஸ் பட்டத்தை வெல்லாமலே ஓய்வு பெற்றார்.

இரு தரைகளையும் ஒரே கோடையில் வென்றவர்களும் உண்டு. ஸ்வீடன் வீரர் பியான் போர்க் 1978, 1979, 1980 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பாரீஸையும் விம்பிள்டனையும் அடுத்தடுத்து வென்றார். அந்தக் காலப் புல்தரை இன்றைய புல்தரையைவிட மென்மையானது. பந்து அதில் தாழ்ந்து ஓடும். 2001-இல் விம்பிள்டனில் புல்லின் வகையை மாற்றிய பிறகு தரை இறுகி, பந்து சற்று உயர எழத் தொடங்கியது. ஆகவே போர்க் கடந்த இடைவெளி இன்று இருப்பதைவிடப் பெரியது என்றே சொல்ல வேண்டும்.

சுழலும் பந்து

இப்போது உயரத்தைப் பார்ப்போம். மேற்சொன்ன அதே பந்து செங்கல் தூளில் 6 × 0.85, அதாவது நொடிக்கு 5.1 மீட்டர் வேகத்தில் மேலே எழுகிறது. வேகத்தின் வர்க்கத்தை 19.6-ஆல் வகுத்தால் உயரம் கிடைக்கும் என்று பௌதிகப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். இங்கே அது 133 செ.மீ. புல்தரையிலோ 103 செ.மீ. ஒன்று மார்பளவு, மற்றது இடுப்பளவு.

நடால் இதோடு சுழற்சியையும் சேர்த்தார். மட்டையைக் கீழிருந்து மேலாக உரசி இழுத்து, பந்து தன் போக்கிலேயே முன்புறமாக உருளும்படி சுழல வைப்பார். நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கும் மேல்! இப்படிச் சுழலும் பந்து, தன்னைச் சுற்றி ஓடும் காற்றை மேல்நோக்கித் திருப்பிவிடுகிறது. எதிர்விசையாகக் காற்று பந்தைக் கீழே தள்ளுகிறது. இதற்கு மாக்னஸ் விளைவு என்று பெயர். இதனால் பந்து வலைக்கு மேல் நன்றாக உயர்ந்து சென்றாலும், எல்லைக் கோட்டைத் தாண்டிப் போகாமல் செங்குத்தாகச் சரிந்து விழும். இறங்கு வேகம் 6-லிருந்து 7 ஆனால் என்னவாகும் என்று கணக்குப் போடுங்கள். எழும் உயரம் 133 செ.மீ.யிலிருந்து 181 செ.மீ. ஆகிவிடுகிறது! வேகம் வர்க்கமாகப் பெருகுவதுதான் காரணம்.

நடால் இடக்கையால் ஆடுபவர். அவர் குறுக்காக அடிக்கும் பந்து, வலக்கை ஆட்டக்காரரின் இடப்புறத்தில் தோளுக்கு மேல் எழும்பும். அந்த உயரத்தில் ஒரே கையால் புறங்கை அடி அடிப்பது மிகக் கடினம். ரோஜர் ஃபெடரர் அப்படித்தான் ஆடுவார். பாரீஸில் இருவரும் ஆறு முறை மோதினார்கள். ஆறிலும் நடாலே வென்றார். நடால் 2009-இல் வேறொருவரிடம் தோற்று வெளியேறிய ஆண்டில்தான் ஃபெடரருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது.

பந்து நிற்கிறது, கால் வழுக்குகிறது

புத்திசாலி மாணவர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம். "செங்கல் தூளில் உராய்வு அதிகம் என்கிறீர்கள். ஆனால் ஆட்டக்காரர்கள் அதில் சறுக்கிக்கொண்டே போகிறார்களே?"

நல்ல கேள்வி. பந்து விழும்போது அது தூளில் சிறு பள்ளம் பறிக்கிறது. பந்தின் மேலுள்ள கம்பளி இழைகள் துகள்களைப் பிடித்து இழுக்கின்றன. பந்துக்கு முன்னால் தூள் குவிந்து ஒரு தடுப்பாகிறது. பந்து அதன் மேல் ஏறித்தான் போயாக வேண்டும். காலணியின் நிலை வேறு. அகன்ற அடிப்பகுதிக்கும் கீழே உள்ள இறுகிய சுண்ணாம்புத் தளத்துக்கும் நடுவில், தளர்ந்த துகள்கள் பலசரக்குக் கடைத் தரையில் சிந்திய கடுகுபோல் உருளுகின்றன. அதன் மேல் கால் வைத்தவர் கதி தெரியுமல்லவா? பழகியவர்கள் அந்தச் சறுக்கலையே பயன்படுத்தி, பந்தை அடிக்கும் கணத்தில் நின்று திரும்பிவிடுகிறார்கள்.

சறுக்கலுக்கும் ஓர் அளவு உண்டு. 2012-இல் மாட்ரிட் நகரப் போட்டியில், தொலைக்காட்சியில் மஞ்சள் பந்து எடுப்பாகத் தெரியட்டும் என்று தூளுக்கு நீல நிறம் ஏற்றினார்கள். தரை அளவுக்கு மீறி வழுக்கியது. நடாலும் ஜோகோவிச்சும் அடுத்த ஆண்டு இப்படியே இருந்தால் வர மாட்டோம் என்றார்கள். நீலத் தரை அந்த ஓர் ஆண்டோடு போயிற்று.

குளிர்ந்த பந்து

பாரீஸ் போட்டி வழக்கமாக மே இறுதியில் தொடங்கும். கொரோனா தொற்று காரணமாக 2020-இல் மட்டும் செப்டம்பர் இறுதிக்குத் தள்ளிப்போயிற்று. அப்போது அங்கே குளிர். பந்தினுள் இருக்கும் காற்றின் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. வெப்பநிலை 27 டிகிரியிலிருந்து 12 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினால், கெல்வின் கணக்கில் 300-லிருந்து 285. அழுத்தம் 5 சதவீதம் குறைந்துவிடும். ரப்பரின் துள்ளலும் குறையும். ஈரமான கம்பளியில் தூள் ஒட்டிக்கொள்வதால் பந்து கனக்கும். இந்தப் பந்து எழாது, நடாலின் சுழற்சி பலிக்காது என்று பலரும் கணித்தார்கள். இறுதி ஆட்டத்தில் அவர் ஜோகோவிச்சை 6-0, 6-2, 7-5 என்று வென்றார். பௌதிகம் தவறவில்லை, பந்து தாழ்வாகத்தான் எழுந்தது. ஆனால் நடால் சுழற்சி ஒன்றை மட்டும் நம்பி ஆடுபவர் அல்லர்.

தடம் சொல்லும் சாட்சி

பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா? புல்லிலும் சிமெண்டிலும் சாட்சி இல்லை. செங்கல் தூளிலோ பந்து தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போகிறது. சந்தேகம் வந்தால் நடுவர் உயர்ந்த நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, குனிந்து, தடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்.

மற்ற மூன்று பெரிய போட்டிகளும் கோட்டு நடுவர்களை எடுத்துவிட்டுக் கேமராக்களுக்கு மாறிவிட்டன. விம்பிள்டன்கூட 2025-இல் மாறிவிட்டது. பாரீஸ் மட்டும் 2025-ஆம் ஆண்டுப் போட்டியிலும் மனிதக் கண்ணையும் தடத்தையுமே நம்பியது. தடம் இருக்கும்போது கருவி எதற்கு என்பது அவர்கள் வாதம்.

ஆனால் தடம் எப்போதும் உண்மை சொல்லுமா? பந்து மோதும்போது தட்டையாகி, சற்று வழுக்கியபடி போவதால், தடம் வட்டமாக இராமல் நீள்வட்டமாக இருக்கும். பந்து முதலில் தரையை மெல்லத் தொடும் இடத்தில் தூள் கலையாமலே இருந்துவிடலாம். கோட்டின் மேல் தூள் குறைவாக இருந்தால் அங்கே தடம் பதியாது. தூள் அதிகமாக இருந்தால் சிதறிய துகள்கள் தடத்தைப் பெரிதாக்கிக் காட்டும். கேமராவோ தடத்தைப் பார்ப்பதே இல்லை. பறந்து வரும் பந்தின் பாதையைக் கணக்கிட்டு, அது எங்கே தொட்டிருக்கும் என்று சொல்கிறது. அதிலும் சில மில்லிமீட்டர் பிழை உண்டு. 2025 ஏப்ரலில் மாட்ரிட் போட்டியில் இந்த இரு சாட்சிகளும் முரண்பட்டன. எதிராளியின் பந்து உள்ளே விழுந்தது என்றது கருவி. தடம் வெளியே இருக்கிறது என்று நம்பிய ஜெர்மன் வீரர் ஸ்வெரெவ், தம் கைப்பேசியை எடுத்து வந்து அதைப் படம் பிடித்தார். ஒழுங்கு மீறல் என்று அவருக்கு எச்சரிக்கைதான் கிடைத்தது!

எந்தச் சாட்சியை நம்புவது? நீங்களே ஒரு சோதனை செய்யலாம். உடைந்த செங்கல் ஒன்றைத் தூளாக்கிச் சலித்து, சிமெண்டுத் தரையில் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். நடுவில் ஒரு நூலைக் கோடாகக் கட்டுங்கள். தெருவில் கிரிக்கெட் ஆடும் பழைய டென்னிஸ் பந்தைச் சாய்வாக எறியுங்கள். நண்பர் ஒருவர் தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்து, உள்ளே, வெளியே என்று சொல்லட்டும். அவர் சொல்வதை முதலில் எழுதிக்கொண்டு, பிறகு தடத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். உலர்ந்த தூளில் 20 முறை, லேசாக நீர் தெளித்த தூளில் 20 முறை. எந்தத் தூளில் தடம் நீளமாக இருக்கிறது, எதில் நண்பரோடு சண்டை அதிகம் வருகிறது என்று குறித்து வையுங்கள்.